பச்சைப்பூவைப் பிடுங்கத் தயங்கலாமா?

சித்திரை 6

மாசிப் பட்டத்து எள் காய் முற்றும் பருவம் இது. வெளிறிய ஊதாப் பூ தொங்க வேண்டிய கணுவில் சில செடிகளில் மட்டும் பொடி இலைகள் கொத்தாக நெருங்கி நிற்கும். அந்தக் கொத்தைப் பிரித்துப் பார்த்தால் இதழ், மகரந்தத் தாள், சூலகம் எல்லாம் பச்சைத் தழையாகியிருக்கும். பச்சைப்பூ நோய் இதுதான். நோய் ஏறிய கிளையில் எள் கிடையாது, ஆனால் செடி சாவதில்லை. மற்றச் செடிகள் மஞ்சளித்து இலை உதிர்க்கும்போதும் இது பசேலென்று நிற்கும். அந்தப் பசுமையைப் பார்த்துப் பிடுங்காமல் விடுவதுதான் நோய்க்கு நாம் செய்யும் பெரிய உதவி என்பேன். காரணமான பைட்டோபிளாஸ்மா செல்சுவர் இல்லாத ஒரு பாக்டீரியா. 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முசுக்கொட்டைச் செடியில் அதைக் கண்டறியும்வரை இத்தகைய நோய்களுக்கு வைரஸே காரணம் என்று நம்பினார்கள். செடியின் உணவுக் குழாய்களில் வாழும் இது மண்ணிலோ காற்றிலோ பரவாது. தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது அதன் உடலுக்குள் போய்ப் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வாரக்கணக்கில் ஆகும். அதன்பின் அந்தப் பூச்சி சாகும்வரை நோயைப் பரப்பும். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மைய ஆய்வாளர்கள், கடுகு இனத்து ஆய்வுச் செடி ஒன்றில் இந்த வகைக் கிருமி விடும் 'சாப்54' என்ற புரதத்தை ஆராய்ந்தார்கள். பூவை உருவாக்கும் புரதங்களை அது சிதைக்கிறது. தத்துப்பூச்சி அந்தச் செடியை நாடிவரவும் அதுவே காரணமாகிறது. தனக்கு வாகனமான பூச்சியைக் கிருமியே வரவழைத்துக்கொள்கிறது.

சித்திரை 7

மருந்தடித்தால் போதாதா என்று கேட்பார்கள். பூச்சியைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் பூச்சிமருந்து செடிக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. வரப்புக் களையிலிருந்து புதுப் பூச்சி வந்து உட்கார்ந்தால் எல்லாம் மறுபடி தொடங்கும். டெட்ராசைக்ளின் அறிகுறியை அடக்கும், நிறுத்தினால் நோய் திரும்பும். மனிதர் உயிர் காக்கும் மருந்தை அதற்காக வயலில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு: அறிகுறி தெரிவதற்குள் பூச்சி உறிஞ்சிவிட்டிருக்குமே, பிடுங்கி என்ன பயன்? நியாயம்தான். பிடுங்குவது இந்தப் போகத்தை முழுசாகக் காப்பாற்றாது. ஆனால் எள் அறுத்த பிறகும் பச்சையாக நிற்கும் செடி, வரும் பூச்சிகளுக்கெல்லாம் கிருமியை ஊட்டி அடுத்த பயிருக்கு அனுப்பும். அந்தத் தொடர்ச்சியை அறுக்கத்தான் பிடுங்கச் சொல்கிறேன். கேரளத்துத் தென்னை வேர்வாடல் நோய்க்கும் பைட்டோபிளாஸ்மாதான் காரணம். அங்கே நோய்ப்பட்ட மரமும் ஓரளவு காய்க்கும், வெட்டச் சொன்னால் வயிறு எரியும். எள்ளில் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆள்கூலி ஒன்றுதான் செலவு. இந்த நோயைக் குறைக்க எள் ஆறு வரிசைக்குத் துவரை ஒரு வரிசை ஊடுபயிராகப் போடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது, அதையும் செய்யலாம். பச்சைக் கொத்தைக் கண்ட அன்றே வேரோடு பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், வரப்பில் போட்டுவைக்காதீர்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லுங்கள். தத்துப்பூச்சிக்கு உங்கள் வரப்பு எல்லை அல்ல.