நாற்காலி இல்லாத கொட்டகை

டிஸ்னிலாண்டுக்குள் நுழைகிறவர்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் நிற்பதில்லை. தெருக்கோடியில் கோட்டை தெரிகிறது. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் வரிசை என்று கைப்பேசி சொல்லிக்கொண்டே இருக்கிறது. தெருவின் வலப்பக்கத்தில், மந்திர வித்தைச் சாமான்கள் விற்கும் கடையை ஒட்டி, பல்புகள் மின்னும் முகப்போடு ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறது. அதன் பெயர் மெயின் ஸ்ட்ரீட் சினிமா. 1955 ஜூலை 17 அன்று பூங்கா திறந்தபோதே இதுவும் திறந்தது. கலிஃபோர்னியாவின் அனாஹெய்மில் அந்தப் பெரிய வளாகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

*

வாசலில் டிக்கெட் கூண்டு. உள்ளே ஒரு பெண் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. சட்டையில் குத்திய பட்டையில் ‘டில்லி’ என்று பெயர். அதன் கீழே ஊர்: மார்சலின், மிசோரி. பூங்கா ஊழியர்கள் பெயரோடு சொந்த ஊரையும் சட்டையில் அணிந்துகொள்வது அங்கே வழக்கம். டில்லிக்குக் கொடுத்திருக்கும் ஊர் வால்ட் டிஸ்னி சிறுபிள்ளையாக இருந்த ஊர். 1906 முதல் 1911 வரை அவர் குடும்பம் அங்கே பண்ணை வைத்துப் பிழைத்தது. இந்தத் தெருவின் சாயலும் அந்த ஊரின் நினைவிலிருந்து வந்ததுதான்.

டில்லியிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது பூங்காவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. புத்தகமாகத் தைத்து விற்பார்கள். அந்த முறை 1982-இல் போய்விட்டது. இப்போது பூங்காவுக்குள் வந்துவிட்டவர் யாரும் கொட்டகைக்குள் போகலாம், நினைத்த நேரத்தில் வெளியே வரலாம்.

*

உள்ளே கதவு தாண்டியதும் கண் பழகச் சற்று நேரம் ஆகிறது. வட்டமான அறை. சுவரைச் சுற்றி ஆறு திரைகள். ஆறிலும் ஒரே நேரத்தில் ஆறு படங்கள். நாற்காலி ஒன்றுகூட இல்லை. நடுவில் கொஞ்சம் உயர்ந்த மேடை. அதில் ஏறி நின்றால் எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளலாம். காதில் விழும் ஒலி மிக்கி மவுஸ் படமான ‘ஸ்டீம்போட் வில்லி’யினுடையது. மற்ற ஐந்து படங்களும் ஓசையில்லாமல் ஓடுகின்றன.

நின்றுகொண்டு பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வெயிலுக்கு ஒதுங்கி வருகிறவர்கள்தான் அதிகம். அலைபேசியைத் துழாவிக்கொண்டே வந்த ஒருவர் பசுவின் பற்கள் வாத்தியமாக மாறும் இடத்தில் தலை நிமிர்ந்து, அந்தப் படம் முடிகிறவரை அப்படியே நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு திரையாகத் திரும்பினார். இருவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். பொம்மைப் படங்கள் இப்படித்தான் பார்க்கப்பட்டன: பெரிய படத்துக்கு முன்னால், இருட்டில், முகம் தெரியாதவர்களின் சிரிப்போடு. வீட்டுத் திரையில் தனியாகப் பார்க்கும்போது எங்கே சிரிப்பு வரவேண்டும் என்று இடம் விட்டு வரைந்திருப்பது தெரிவதில்லை. இங்கே தெரிகிறது.

*

காலக் கணக்குப் பார்த்தால் இந்தக் கொட்டகையில் ஒரு முரண் உண்டு. தெரு ஏறக்குறைய 1900-ஆம் ஆண்டைச் சேர்ந்தது: குதிரை வண்டி, எரிவாயு விளக்கு, எதிர்ப்பக்கத்தில் காசு போட்டு விளையாடும் பழைய இயந்திரங்கள். மிக்கியோ 1928-இல் பிறந்த எலி. தொடக்கத்தில் இங்கே ஊமைப் படங்கள் ஓட்டினார்கள். அது தெருவுக்குப் பொருத்தம். பிற்பாடு எலி வந்து ஆறு திரைகளையும் எடுத்துக்கொண்டது. நான் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இந்தப் பூங்காவுக்குப் பணமும் பெயரும் எந்தப் படங்களால் வந்தனவோ அந்தப் படங்கள் வாசலருகிலேயே ஓடுவது நியாயம்.

*

‘ஸ்டீம்போட் வில்லி’ நியூயார்க்கின் காலனி தியேட்டரில் 1928 நவம்பர் 18 அன்று திரைக்கு வந்தது. எட்டு நிமிடத்துக்கும் குறைவு. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நீராவிப் படகு, முரட்டுக் கேப்டன் பீட், சுக்கான் பிடிக்கும் மிக்கி, ஓடிவந்து படகில் ஏறும் மின்னி. மின்னியின் இசைத்தாளையும் கிட்டாரையும் ஆடு தின்றுவிடுகிறது. வாலைப் பிடித்துச் சுற்றினால் ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வருகிறது. பிறகு கண்ணில் பட்டதெல்லாம் வாத்தியம்: சட்டி, பானை, பூனையின் வால், வாத்து, பன்றி, பசுவின் பல்.

பேசும் படம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒலியோடு கூடிய கார்ட்டூன்கள் இதற்கு முன்பும் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் படம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இதில் ஒவ்வொரு அடியும் சமத்தில் வந்து விழுகிறது. அதற்குக் காரணம் ஒரு கணக்கு. படச்சுருள் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். 12 சட்டங்களுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் விநாடிக்கு இரண்டு தட்டு. ஸ்டூடியோவில் வில்ஃபிரட் ஜாக்சன் என்ற இளைஞருக்கு இசை கொஞ்சம் தெரியும். வீட்டிலிருந்து தாளக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அவர். எத்தனையாவது சட்டத்தில் கரண்டி சட்டியைத் தொட வேண்டும் என்பது வரைவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. தாளத்துக்கு ஏற்றபடி வரைந்தார்கள். வரைந்த பிறகு தாளம் ஒட்டவில்லை.

படம் பாதி முடிந்ததும் ஒரு சோதனை. திரையாக ஒரு படுக்கை விரிப்பு. ஜாக்சன் வாயால் ஊதும் ஹார்மோனிக்கா வாசித்தார். மற்றவர்கள் கிடைத்த பாத்திரங்களைத் தட்டினார்கள். பார்வையாளர்கள் அவர்களுடைய மனைவிமார். பிறகு நியூயார்க்கில் உண்மையான இசைக்குழுவோடு ஒலிப்பதிவு. முதல் முறை தாளம் சேரவில்லை, பணம் போயிற்று. இரண்டாம் முறைக்குப் பணம் திரட்ட டிஸ்னியின் காரை விற்க வேண்டியதாயிற்று. இம்முறை ஏறி இறங்கும் பந்து ஒன்றைப் படச்சுருளிலேயே பதித்து, அதைப் பார்த்துக்கொண்டே நடத்துநர் கையசைத்தார். மிக்கியின் கீச்சுக் குரல் டிஸ்னியுடையதே. 1940-களின் பிற்பகுதி வரை அந்தக் குரலை அவர்தான் கொடுத்தார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தத் திரையைப் பார்க்கையில் கால் தானாகத் தாளம் போடுகிறது.

*

அந்தப் படத்தில் மிக்கி நல்லவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூனையை வாலைப் பிடித்துச் சுழற்றுகிறான். பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளை இழுத்துத் தாய்ப்பன்றியை வாத்தியமாக்குகிறான். பிற்காலத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஒளிபரப்பியதும் உண்டு. எனக்கு வெட்டுவதில் உடன்பாடில்லை. அன்றைய சிரிப்பில் கொடுமையும் கலந்திருந்தது. அதை மறைத்தால் பிறகு வந்த மிக்கி எவ்வளவு மாறினான் என்பது புரியாமல் போகும்.

*

அடுத்த திரையில் ‘பிளேன் கிரேஸி’. முதலில் வரைந்த மிக்கி படம் இதுதான். 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்தார். ஊரெங்கும் விமானப் பைத்தியம். அதை வைத்துச் செய்தது. ஊமைப் படமாக 1928 மே மாதம் போட்டுக் காட்டினார்கள், வாங்க ஆளில்லை. ‘வில்லி’ வென்ற பிறகு இதற்கும் ஒலி சேர்த்து 1929-இல் வெளியிட்டார்கள்.

வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக. நாளுக்கு 700 படங்கள் வரை வரைந்தார் என்று ஸ்டூடியோ வரலாறுகள் சொல்கின்றன. அதுவும் பூட்டிய கதவுக்குப் பின்னால். ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தை அப்போதுதான் டிஸ்னி இழந்திருந்தார். உரிமை விநியோகஸ்தர் பக்கம் இருந்தது, வரைகலைஞர்களில் பலரையும் அவரே இழுத்துக்கொண்டார். போகப்போகிறவர்கள் இன்னும் அதே ஸ்டூடியோவில் பழைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் எலி பிறந்தது.

விமானம் தரையை நோக்கிப் பாயும் காட்சியை விடாதீர்கள். நிலம் நம்மை நோக்கி எழும்பி வருகிறது. கேமராவை நகர்த்த வசதி இல்லாததால், பின்னணி ஓவியத்தின் அடியில் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓவியத்தைக் கேமராவின் அருகே உயர்த்தினார்களாம்.

*

‘ஸ்டீம்போட் வில்லி’யின் தலைப்பு அட்டையில் டிஸ்னி பெயரோடு ஐவர்க்ஸ் பெயரும் இருக்கிறது. கூட்டம் அதைப் படிப்பதற்குள் அட்டை போய்விடும். 1930-இல் அவர் பிரிந்து போனார், 1940-இல் திரும்பி வந்தார். பிறகு வரையவில்லை, கேமராவும் படச்சுருளைப் பிரதியெடுக்கும் இயந்திரமும் அவர் உலகமாயின. இதே பூங்காவில் பார்வையாளரைச் சுற்றி வட்டமாகப் படம் காட்டிய ‘சர்க்கராமா’வுக்கும் அவர் உழைத்திருக்கிறார். வெளியே தெருவில் கடை ஜன்னல் ஒவ்வொன்றிலும் எலி இருக்கிறது. அதை முதலில் அசைத்த கையின் பெயர் தெரிந்தவர் குறைவு. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: அப் ஐவர்க்ஸ்.

*

கைகளைக் கவனியுங்கள். ‘பிளேன் கிரேஸி’யில் மிக்கிக்குச் செருப்பும் இல்லை, கையுறையும் இல்லை. ‘வில்லி’யில் காலணி வந்துவிட்டது. வெள்ளைக் கையுறை 1929-இல் வருகிறது. கறுப்பு உடம்பின் முன்னால் கறுப்புக் கை வந்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கான தீர்வு அது. இந்த அறையில் தலையைத் திருப்பினாலே அந்த மாற்றத்தைப் பார்க்கலாம். ரப்பர் குழாய் மாதிரி வளைந்த கைகால்களுக்கு 1936-க்குள் கனமும் மூட்டும் வந்துவிட்டன.

*

மற்ற நான்கும் சுருக்கமாக.

‘தி மூஸ் ஹன்ட்’, 1931. மிக்கியின் நாய் புளூட்டோ என்ற பெயரோடு வரும் முதல் படம். நாய் செத்துவிட்டதாக நடிக்கிறது, மிக்கி கலங்கிப்போகிறான். பூனையைச் சுழற்றியவனுக்கு மூன்றே ஆண்டுகளில் ஒரு பிராணிக்காக அழத் தெரிந்திருக்கிறது. ஆறு படங்களில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

‘டிராஃபிக் டிரபிள்ஸ்’, அதே ஆண்டு. மிக்கி டாக்ஸி ஓட்டுகிறான். பீட் மருந்து விற்கும் போலி வைத்தியன். அவன் டானிக்கைக் குடித்த கார் தறிகெட்டு ஓடுகிறது. வேகம் அருமை, வேறொன்றும் இல்லை.

‘தி டாக்நாப்பர்’, 1934. அதே ஆண்டில் அறிமுகமான வாத்து டொனால்ட், நீண்ட அலகோடு, போலீஸ்காரனாக. மரம் அறுக்கும் ஆலைக்குள் நடக்கும் துரத்தல் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்க வைக்கிறது.

‘மிக்கீஸ் போலோ டீம்’, 1936, வண்ணப்படம். மிக்கி அணிக்கு எதிரே அன்றைய நகைச்சுவை நடிகர்கள்: சாப்ளின், லாரல்–ஹார்டி, ஹார்ப்போ மார்க்ஸ். ஒவ்வொரு குதிரைக்கும் அதன்மேல் இருப்பவரின் முகம். ஹார்ப்போவுக்கு மட்டும் நெருப்புக்கோழி. டிஸ்னியும் அவர் சகாக்களும் அந்த நாட்களில் உண்மையிலேயே போலோ ஆடினார்கள். இந்த முகங்களை அடையாளம் காணும் தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. பிள்ளையோடு போனால் அவர்கள் யார் என்று சொல்லிக்கொடுங்கள்.

*

இந்தப் பட்டறையிலிருந்து ஒரு கிளை நம் பக்கமும் வந்தது. டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1950-களில் பம்பாய் வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனில் இளைஞர்களைப் பழக்கினார். ‘தி பனியன் டீர்’ (1957) அந்தப் பயிற்சியில் பிறந்த படம். அங்கே தொழில் கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன். இந்திய அனிமேஷனின் முன்னோடி என்று பிற்பாடு பெயர் பெற்றவர்.

*

2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் ‘ஸ்டீம்போட் வில்லி’ பொதுச் சொத்து. இணையத்தில் யாரும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். பிறகு எதற்கு ஒரு கொட்டகை என்று கேட்கலாம். படம் எங்கும் கிடைப்பதால்தான் அதை நாலு பேரோடு இருட்டில் நின்று பார்க்கும் இடம் முக்கியமாகிறது. அந்தச் சிரிப்பைத் தரவிறக்கிக்கொள்ள முடியாது.

*

ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த மேஜிக் கிங்டமிலும் இதே பெயரில் ஒரு கொட்டகை இருந்தது. இப்போது அந்த இடத்தில் கடை. சதுர அடிக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அனாஹெய்ம் கொட்டகையும் வீணாகத்தான் தெரியும். டிக்கெட் இல்லை, விற்பனை இல்லை, ஆறு பழைய படங்கள். உள்ளே ஆள் இருப்பது ஒன்றுதான் அதைக் காப்பாற்றும்.

போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். ஆறையும் சேர்த்தால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பூங்காவின் மற்ற விளையாட்டுகளில் பாதிக்கு வரிசையில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு. மேடையில் ஏறி நில்லுங்கள். ‘பிளேன் கிரேஸி’யில் தொடங்கி ஆண்டு வரிசையில் ‘போலோ டீம்’ வரை பாருங்கள். குழந்தை கூட இருந்தால் முன்னால் நிறுத்துங்கள்.