அப்படி ஒரு டாக்டரே இல்லை

"டாக்டர் பார்த்துட்டார். பால் பல்தானாம், தானா விழுந்துடுமாம். ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டார்."

மகளின் கடைவாய்ப் பல்லைப் பற்றி என் மனைவியிடம் நான் சொன்னது இது. அப்படிச் சொன்ன டாக்டர் என்று ஒருவர் கிடையாது. அன்றைக்கு நான் குழந்தையை எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லை. எனக்கு வார விடுமுறை. பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே பல்லைக் காட்டிவிட்டு வருவதாகப் பேச்சு. மனைவி போரூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், லீவு எடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் பொறுப்பு என்னுடையது. அவள் கிளம்பிய பிறகு சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. ஆள் குறைகிறது, வந்தால் ஓ.டி. போட்டுத் தருகிறேன் என்றார். குழந்தையைப் பள்ளிக்கே அனுப்பிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன்.

காசு இல்லை, ஊரில் வசதி இல்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் குன்றத்தூரிலேயே மாதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனால் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி. பஜாரில் நடந்தால் பல் கிளினிக் போர்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் ஈ.எஸ்.ஐ. உண்டு, அது மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அந்த கார்டு என் பர்ஸிலேயே இருந்தது. எனக்கு ஓ.டி. பணம் வேண்டியிருந்தது, பைக் தவணை பாக்கி இருந்தது. அதைவிட, சின்ன வயதில் பல் பிடுங்கப்பட்ட பயத்தில் அந்த நாற்காலி பக்கமே போக எனக்குப் பிடிக்காது. இவ்வளவுதான் காரணம்.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் ஒரு யூனிட்டில் குவாலிட்டியில் இருக்கிறேன். பெயின்ட் அடித்து வரும் பாகத்தில் நகக்கீறல் அளவுக்குக் கோடு தெரிந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். யார் வந்து கேட்டாலும் விடமாட்டேன் என்று எனக்கு அங்கே பெயர். மகளின் பல்லில் பென்சில் முனையால் குத்தியது போல ஒரு கறுப்புப் புள்ளியை மனைவிதான் முதலில் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். நானும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

அது பால் பல்லே அல்ல. ஆறு வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல் தானாக முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. ஏதாவது ஒரு பல் விழுந்து அந்த இடத்தில் வந்திருந்தால் வீட்டில் கவனித்திருப்போம். இது சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. பல பெற்றோர் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆயுசுக்கும் மென்று தின்ன வேண்டிய பல் இது. மேற்புறத்தில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கும், பிரஷ் நார் உள்ளே போகாது. முளைத்த கையோடு அந்தப் பள்ளங்களை மெல்லிசாகப் பூசி மூடிவிடுகிற முறை இருக்கிறது. கறுப்புப் புள்ளி தெரிந்த பிறகு காட்டியிருந்தால்கூட, மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் பல் கலர் சிமெண்டால் அடைத்து ஒரே நாளில் அனுப்பியிருப்பார்கள்.

அந்தப் புள்ளி வந்ததிலும் எனக்குப் பங்கு உண்டு. இரண்டாவது ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வருகிறபோது கிரீம் பிஸ்கட்டோ சாக்லேட்டோ வாங்கி வருவேன். மகள் எனக்காக விழித்திருப்பாள். தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுவாள். இனிப்பைத் தின்று கிருமி அமிலம் கக்குகிறது, வாயின் பி.ஹெச். 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பகலில் எச்சில் ஊறி அதைச் சரிசெய்துவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைவு. வாய் கொப்பளிக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை, அவள் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவேன்.

பிறகு ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசுகிறது என்றாள். அப்போதாவது கூட்டிப் போயிருக்க வேண்டும். கூட்டிப் போனால், முன்பே காட்டியதாகச் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதனால் கிராம்புத் தைலம் வாங்கிவந்து, பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தேன். "அம்மாகிட்ட சொல்லாத, வேலையிலேர்ந்து வந்து கஷ்டப்படுவாங்க" என்றேன். எட்டு வயதுக் குழந்தை என் பொய்யைக் காப்பாற்ற வலியைப் பொறுத்துக்கொண்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அந்தத் தைலத்தைக் கலக்காமல் அப்படியே வைத்ததில் அவள் ஈறும் வெந்து போயிருந்தது.

ஒரு நாள் விடிந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. மனைவி லீவு போட்டுவிட்டாள். மூவரும் பஜாரில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முன்னாடியே யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"காட்டினோங்க. பால் பல்லு, விழுந்துடும்னு சொல்லி அனுப்பிட்டாரு" என்றாள் மனைவி.

"இதைப் போய் யாரும்மா பால் பல்லுன்னு சொன்னது?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ஒரு டாக்டர்" என்றேன். அதோடு விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் மாமியார் வீட்டுக்குப் போன் போட்டு அந்த டாக்டரை மனைவி வாய்க்கு வந்தபடி திட்டியதையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

பல்லின் உயிர் போய்விட்டிருந்தது. அந்த வயதில் இந்தப் பல்லின் வேர் முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது; முனை திறந்தே இருக்கும். உள்ளே நரம்பு செத்துவிட்டால் வேர் அத்தோடு நின்றுவிடும், அதன் சுவர் மெல்லிசாகவே இருந்துவிடும், பிற்காலத்தில் எளிதில் உடையவும் கூடும். பெரியவர்களுக்குச் செய்வது போல வழக்கமான ரூட் கேனால் போதாது. சீழை வடியவிட்டு, உள்ளே சுத்தம் செய்து, திறந்த முனையில் எம்.டி.ஏ. என்ற சிமெண்டை வைத்து அடைத்தார்கள். பலமுறை போய்வர வேண்டியிருந்தது. இடையில் வைத்த தற்காலிக அடைப்பில்கூடக் கிராம்புச் சத்து இல்லாததாகவே பார்த்து வைத்தார் டாக்டரம்மா. யூஜினால் என்கிற அந்தச் சத்து மிச்சம் இருந்தால் மேலே வைக்கும் வெள்ளை அடைப்பு சரியாக இறுகாதாம்.

மறுபக்கக் கடைவாயிலும் சின்னதாக ஒரு சொத்தை இருந்தது. அது மேலோடு நின்றிருந்தது. அதை அடைத்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல் காய்ந்தால் நிறம் வெளுத்துவிடும் என்பதால், ஈரம் இருக்கும்போதே சின்னச் சின்ன மாதிரிப் பற்களை அருகில் பிடித்து நிறம் பார்த்தார். பல்லைச் சுற்றி ரப்பர் தாள் மாட்டினார். சொத்தையை எடுத்த பள்ளத்தில் நீல நிறத்தில் ஒரு ஜெல்லைத் தடவி, சில விநாடிகளில் கழுவினார். உலர்த்தியதும் அந்த இடம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பிறகு பசை, அதன்மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் ஒரு படலம், இருபது விநாடி நீல விளக்கு. மறுபடி ஒரு படலம், மறுபடி விளக்கு. மொத்தமாக அப்பினால் இறுகும்போது சுருங்கி ஓரம் விட்டுவிடும், எச்சில் ஈரம் பட்டால் பிடிக்காது என்றார். கடைசியில் கலர் தாளைக் கடிக்கச் சொல்லி, மேடாகப் பட்ட இடத்தைத் தேய்த்து எடுத்தார்.

அந்த ஜெல் என்ன என்று கேட்டேன். பாஸ்பாரிக் அமிலம். எங்கள் கம்பெனியில் தகட்டுக்குப் பெயின்ட் அடிக்குமுன் பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுக்கிறோமே, அதே குடும்பம்தான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1955-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவானகோர் என்ற பல் மருத்துவர், தொழிற்சாலைகளில் பெயின்ட் உலோகத்தில் பிடிப்பதற்கு அந்த அமிலத்தைப் பயன்படுத்துவதைக் கவனித்துத்தான் எனாமலில் தடவிப் பார்த்திருக்கிறார். 1962-இல் ரஃபேல் போவன் காப்புரிமை பெற்ற ரெசின் அதோடு சேர்ந்தபோது, பல்லின் நிறத்திலேயே அடைக்கிற வழி பிறந்தது. மேற்பரப்பைச் சரியாகத் தயார் செய்யாவிட்டால் மேலே எதைப் பூசினாலும் உரிந்துவிடும் என்று டிரெய்னிகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்த அக்கறையில் கொஞ்சமும் என் குழந்தைக்குத் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உயிர் போன பல்லின் மேலே கடைசி அடைப்பு வைக்குமுன், "வெள்ளையாவே அடைச்சுடுங்க மேடம், வெள்ளி வேண்டாம்" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். வெள்ளி அடைப்பில் பாதிக்குப் பாதி பாதரசம், அதைக் குழந்தைகளுக்கு வைப்பதில்லை, எப்படியும் வெள்ளைதான் என்றார் அவர். நான் பாதரசத்தை நினைத்துக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்து சிரிக்கிறபோதெல்லாம் கறுத்த ஒரு துண்டு என் கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் கேட்டேன்.

மனைவியிடம் சொல்வதற்கு அதன் பிறகும் நாளானது. ஒரு ராத்திரி மகள் தூங்கிய பின் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அன்னிக்கு ஓ.டி. எவ்வளவுங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். தொகையைச் சொன்னேன். வெகுநாள் என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. பல்லைப் பற்றி நான் எது சொன்னாலும் இப்போதும் டாக்டரம்மாவிடம் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறாள். அவள் அப்படிச் செய்வதுதான் சரி.

மற்ற இரண்டு கடைவாய்ப் பற்களின் பள்ளங்களையும் மூடியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து வேர் முனையைப் பார்க்க வேண்டும். பல் முழுதாக மேலே வந்த பிறகு கேப் போட வேண்டும். அந்தப் பல் எத்தனை வருஷம் தாங்கும் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. மகளுக்கு இன்னும் தெரியாது. தான் சாக்லேட் தின்றதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பள்ளியில் தோழிகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அடுத்த எக்ஸ்ரேக்கு அவளை நான்தான் கூட்டிப் போகிறேன். போகிற வழியில், அது அவள் தப்பு இல்லை என்பதையும் யார் தப்பு என்பதையும் அவளிடம் சொல்லிவிடுவேன்.