செய்தவர் பெயர் எங்கே?

குறுந்தொகையில் செம்புலப் பெயனீரார் என்று ஒரு புலவர் இருக்கிறார். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார் என்றும் இருக்கிறார்கள். எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டாள். பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அதனால் பாட்டுக்குள்ளேயே இருந்த ஒரு தொடரை எடுத்து, பாடியவருக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது பல வருடம் கழித்து, ஒரு பழைய கிடாரைச் செய்தவர் யார் என்று தேடப் போனபோதுதான் விளங்கியது.

அந்தக் கிடார் இருந்தது சூரியநெல்லியில். மூணாறுக்குக் கிழக்கே, சின்னக்கானலை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் உள்ள தேயிலை ஊர். கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் இடம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். அரசாங்கம் கேரளம், லயங்களுக்குள் கேட்கும் பேச்சு பெரும்பாலும் தமிழ். சென்ற ஆண்டு, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுத அங்கே போயிருந்தேன். வேலையில் இருக்கும்வரை லயத்தில் வீடு. குடும்பத்தில் யாரும் தோட்ட வேலையில் இல்லை என்றாகிவிட்டால் காலி செய்ய வேண்டும். நான் பார்க்கப் போன அம்மாளுக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடல் குழுவில் கிடார் வாசித்தவர். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. கிடார் மட்டும் அடுப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘‘இங்க மழைக்கு மரமெல்லாம் பூத்துப்போயிரும் தம்பி. அடுப்புச் சூடு படணும்’’ என்றார். வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் ஊறும் மலையில், வாசிக்கத் தெரியாத ஒரு பெண் அதைக் காப்பாற்றி வைத்திருந்த முறை அதுதான்.

இப்போது அதை விற்க வேண்டிய கட்டாயம். பேத்தி நர்ஸிங் சேர்ந்திருந்தாள், இரண்டாம் தவணைப் பணம் கட்ட வேண்டும். விடுதி நடத்தும் ஒருவர் வரவேற்பறையில் மாட்டிவைக்கக் கேட்டிருந்தார். ‘‘வெளிநாட்டுக் கம்பெனி பேர் இருந்தா அஞ்சு மடங்கு தர்றேன்’’ என்பது அவர் பேச்சு. உள்ளே பெயர் இல்லை. கிடாரின் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் எதிரே தெரியும் பலகையில்தான் வழக்கமாக லேபிள் ஒட்டுவார்கள். இதில் சீட்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் செவ்வகமாக வெளுத்திருந்தது. பழைய தாள் மாதிரி ஒரு லேபிளை அச்சடித்து ஒட்டித் தருவதாக டவுனில் ஒருவர் சொன்னாராம். அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘‘பேரு இல்லாட்டி இல்லாமலே இருக்கட்டும். அடுத்தவன் பேர ஒட்ட வேணாம். நெசமா செஞ்சவன் பேரு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க தம்பி.’’

பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன். பிறகு பேத்தி ஒரு விடுமுறையில் கிடாரையே கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குத் தெரிந்த ஒரு பழுது பார்ப்பவர், பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியையும் சிறு விளக்கையும் துளைக்குள் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். கிடாரை விசாரிக்கும் முறை போலீஸ் விசாரணைக்குக் குறைந்ததல்ல. பெயர் பொய் சொல்லும், மரமும் பசையும் திருகாணியும் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

திருகாணிகள் எல்லாம் ஒற்றை வெட்டு. நட்சத்திர வெட்டுள்ள திருகாணிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936ல்தான். ஒட்டியிருந்த பசை வஜ்ரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959ல். இவை இரண்டும் காலத்தை நிரூபிக்காது. பழைய சாமானை வைத்துப் புதிதாகவும் செய்யலாம். ஆனால் ‘பழசாக இருக்கலாம்’ என்று தலையாட்டும். உடல் சிறியது, இடுப்பு ஒடுங்கியது. மேல்பலகையின் அடியில் தாங்கு கட்டைகள் ஏணிப் படிகள் போலக் குறுக்கே வைக்கப்பட்டிருந்தன. ‘‘ஜெர்மன் மாடல்’’ என்றார் பழுது பார்ப்பவர்.

ஜெர்மனி என்றால் கிடார் விஷயத்தில் மார்க்நொய்கிர்ஷன் என்ற சிற்றூர். சாக்சனி மாநிலத்தில், செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1677ல் 12 பேர் சேர்ந்து அங்கே வயலின் செய்பவர்களின் சங்கம் தொடங்கினார்கள். இருநூறு வருடத்தில் அந்தச் சிற்றூரின் வாத்தியங்கள் உலகமெங்கும் போயின. வாத்திய ஏற்றுமதிக்காகவே 1893ல் அமெரிக்கா அங்கே ஒரு தூதரகக் கிளையைத் திறந்தது என்றால் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்தது தொழிற்சாலை இல்லை, வீடுகள். ஒரு வீட்டில் கழுத்து, ஒரு வீட்டில் உடல், இன்னொரு வீட்டில் மெருகு. எல்லையைத் தாண்டி பொஹீமியக் கிராமங்களிலும் இதே வேலை நடந்தது. மொத்த வியாபாரி சேகரித்து அனுப்புவார். வாங்கும் கடை எந்தப் பெயரைக் கேட்கிறதோ அந்தப் பெயர் உள்ளே ஒட்டப்படும். இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி 1737ல் இறந்துபோனார். அவர் பெயரை ஒட்டிய வயலின்கள் இந்தப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பின. வாங்குபவருக்கும் அது பெரும்பாலும் தெரியும். அந்தப் பெயர் ஒரு மாடலின் பெயராகிவிட்டது. 1890ல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று குறிக்கச் சொன்னது. அதன் பிறகு லேபிளில் நாடு வந்தது. மனிதன் வரவில்லை.

அந்த ஊரிலிருந்து ஒரு பெயர் மட்டும் உலகப் புகழ் பெற்றது. 1796ல் அங்கே பிறந்த கிறிஸ்டியான் ஃபிரடெரிக் மார்ட்டின் தச்சர் பரம்பரையைச் சேர்ந்தவர். கிடார் செய்யும் உரிமை எங்களுக்கே என்று வயலின் சங்கத்தார் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். வெறுத்துப்போய் 1833ல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இன்றைக்கும் மார்ட்டின் கிடார் என்றால் இசைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சொந்தக் கடை வைத்ததால் பெயர் நிலைத்தது. ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய சக தச்சர்களின் கைவேலை என்னவோ அவ்வளவு மட்டமானதில்லை.

நம் கிடாருக்கு வருவோம். பின்பலகை தோதகத்தி, மலையாளத்தில் ஈட்டி என்பார்கள். சூரியநெல்லியைச் சுற்றியுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம்தான். 1969ல் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளின் ஏற்றுமதியைத் தடுத்ததும் மார்ட்டின் கம்பெனியே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. ஆகவே தோதகத்தியை மட்டும் வைத்து எந்த நாட்டுப் பட்டறை என்று சொல்ல முடியாது. குட்டு வெளிப்பட்டது கழுத்தில். மெருகு தேய்ந்த இடத்தில் மரத்தைப் பார்த்த பழுது பார்ப்பவர், ‘‘இது சந்தனவேம்பு மாதிரி இருக்கே’’ என்றார். வடக்கே தூன் என்பார்கள்; சிதார் செய்கிற மரம். ஜெர்மன் உருவம், உள்நாட்டு மரம். ஐரோப்பியக் கிடார் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த மரத்தில் இந்தியத் தச்சர் யாரோ செய்த கிடார் என்பதுதான் பொருந்தி வந்தது.

அப்படியானால் கல்கத்தாவாக இருக்கலாம் என்று தோன்றியது. இந்தியாவில் கிடார் பட்டறைகள் அதிகம் வளர்ந்த நகரம் அது. 1940களில் ஹவாய் தீவுக்காரரான டாவ் மோ அங்கே தங்கி ஸ்டீல் கிடார் வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். கிடார் ஆசை வங்காளி வீடுகளுக்குள் புகுந்தது. வேறு வேலையாகக் கொல்கத்தா போனபோது லால்பஜார் பக்கத்து வாத்தியக் கடைகளில் படங்களைக் காட்டினேன். ஒரு வயதான கடைக்காரர் சிரித்தார். தன் அப்பா காலத்தில் பட்டறைக்காரர் கிடாரை மட்டும் கொடுத்துவிட்டுப் போவாராம். லேபிள் ஒட்டுவது கடையின் வேலையாம். ‘‘செய்தவன் பெயரை யார் கேட்டார்கள்?’’ என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. அதுதான் தொழிலின் வழக்கம்.

அந்தக் கடையில் நின்றபோது என் தேடல் திசை மாறியது. அதுவரை, தொலைந்துபோன பெயரைத் தேடுகிறேன் என்று நினைத்திருந்தேன். பல வாத்தியங்களில் பெயர் தொலையவே இல்லை. முதலிலேயே எழுதப்படவில்லை. விற்றவருக்கு லேபிளில் இடம் இருந்தது, செய்தவருக்கு இல்லை.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த முதல் ஆறு வருடம் நான் தமிழாக்கிய கட்டுரை எதிலும் என் பெயர் அச்சானதில்லை. மூல ஆசிரியர் பெயர் மேலே இருக்கும், பத்திரிகையின் பெயர் கீழே இருக்கும். நடுவில் இருந்த தமிழ் தானாக முளைத்தது போலிருக்கும். பெரிய கொடுமை என்று சொல்லமாட்டேன், சம்பளம் வந்தது. ஆனால் அந்த வாக்கியங்களை இன்று பார்த்தாலும் என் கை எது என்று எனக்குத் தெரியும். சூரியநெல்லி அம்மாளுக்கும் இது புதிதல்ல. தோட்டத்தில் அவர் ஒரு செக்ரோல் நம்பர். அவர் எடுத்த கொழுந்து தூளாகி, ஏலத்துக்குப் போய், பல தோட்டத்துத் தூளோடு கலந்து, யாரோ ஒருவர் பெயர் போட்ட பாக்கெட்டில் கடைக்கு வந்தது. போலி லேபிளை அவர் மறுத்த காரணம் எனக்கு அப்போது இன்னும் கொஞ்சம் தெளிவானது.

நம் ஊர் வரலாறும் பெரிய வேறுபாடு இல்லாததுதான். 1834ல் சுவாதித் திருநாள் மகாராஜா தஞ்சை வடிவேலுவுக்குத் தந்த வயலின் பரிசு பிரசித்தம். கொடுத்தவரும் பெற்றவரும் கதையில் இருக்கிறார்கள். செய்தவர் பெயர் அந்தக் கதையில் வருவதில்லை. விதிவிலக்கும் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்துகொடுத்த நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியை நாதஸ்வர உலகம் இன்றும் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. வாசித்தவரும் செய்தவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். நடுவில் லேபிள் ஒட்ட ஆள் இல்லை.

சூரியநெல்லிக்கு மீண்டும் போனபோது என்னிடம் பெயர் இல்லை. ஒரு செய்தி இருந்தது. உள்ளே ஒவ்வொரு தாங்கு கட்டையின் ஓரத்திலும் உளியால் போட்ட மூன்று சிறு வெட்டுகள் இருந்தன. கட்டைகளை அடையாளம் வைக்க ஒரே கை போட்டது. வாங்குபவர் பார்க்க முடியாத இடம். கண்ணாடியை உள்ளே விட்டு, அம்மாளுக்கு அதைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ‘‘மூணு வெட்டு ஆசாரின்னு வெச்சுக்குவோம் தம்பி’’ என்றார். அவருக்குக் குறுந்தொகை தெரியாது. மீனெறி தூண்டிலாருக்குப் பெயர் வைத்தவர்கள் செய்ததும் இதைத்தான்.

அன்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் விவரங்களை எழுதினோம். என்ன மரம், என்ன பசை, எதை வைத்து இந்தியப் பட்டறை என்கிறோம், மூன்று வெட்டுகள் எங்கே இருக்கின்றன, யார் வாசித்தது, கம்பி கட்டும் பலகை பெயர்ந்தபோது போடிநாயக்கனூரில் அதை ஒட்டிக்கொடுத்தவர் யார். அவர் பெயரை அம்மாள் மறக்கவில்லை. ‘‘காசு வாங்கல தம்பி, அத எழுதுங்க’’ என்றார். காப்பாற்றியவர் என்று அம்மாளின் பெயரை எழுதப் போனபோது மட்டும், ‘‘நான் என்ன வாசிச்சனா?’’ என்று கூச்சப்பட்டார். எழுதினேன். விடுதிக்காரர் தாளை முழுவதும் படித்தார். ஐந்து மடங்கு தரவில்லை. ஆனால் முதலில் சொன்ன விலையைக் குறைக்கவும் இல்லை. தாளைக் கிடாரோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார். தவணைக்குப் போதாத பணத்துக்கு அம்மாள் சீட்டு எடுத்தார்.

வாசகர்கள் வீட்டிலும் ஒரு பழைய ஆர்மோனியமோ வீணையோ வயலினோ இருக்கலாம். அதில் பெரிய பெயர் ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். எதுவும் ஒட்டியில்லை என்றால் மட்டமாகவும் நினைக்காதீர்கள். ஒட்டியிருப்பதைக் கிழிக்காமல், பழைய மெருகைச் சுரண்டாமல், ஒரு சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்து உள்ளே பாருங்கள். பென்சிலில் ஒரு தேதியோ ஒரு வெட்டோ இருக்கக்கூடும். அது எந்த வழியாக உங்கள் வீட்டுக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை பழுது பார்க்கக் கொடுக்கும்போது, செய்கிறவரிடம் பெயரைக் கேட்டு அவர் கையாலேயே உள்ளே ஒரு மூலையில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் போதும்.