டிப்ஸ்: கருணையா, கூலியா?

டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் சாப்பிட்டுவிட்டு, நம்மூர்போல் மேஜையில் சில்லறையைப் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அங்கே சர்வருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991லிருந்து இது உயரவேயில்லை. பொதுக் கூலியான 7.25 டாலரை எட்ட, மீதி டிப்ஸில்தான் சேரவேண்டும். அதுவும் குறைந்தால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். எனவே 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். முதலில் பில்லைப் பாருங்கள்: 'சர்வீஸ் சார்ஜ்' ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். அறையைச் சுத்தம் செய்பவருக்கு அன்றன்றே வைத்துவிடுங்கள். மறுநாள் வருபவர் வேறொருவராக இருக்கக்கூடும்.

டோக்கியோவில் கதையே வேறு. நீங்கள் மேஜையில் விட்ட பணத்தை, மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து, சர்வர் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார். அங்கே மனமார நன்றி சொன்னால் போதும். ஹூஸ்டனில் நன்றி மட்டும் போதாது.