"சீக்கிரம் வந்துடு"ன்னு சொன்னது நாங்கதான்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க. வீட்டில் மோட்டார் ஓட்டும் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்க.

போன ஆடி மாதம் மூன்றாவது வெள்ளி. எங்கள் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். ஏழரை மணிக்குப் பூஜை. ஏழு மணிக்குப் பார்த்தால் கற்பூரம் போதாது என்று பூசாரி ஐயா சொல்கிறார். தொண்டூழியர்கள் பத்துப் பேர் இருந்தும் ஒருத்தரும் காலையில் அதைப் பார்த்து வைக்கவில்லை. "மஸ்ஜித் தானா டவுன் வரைக்கும் யாருப்பா மோட்டார்ல போறது?" என்று கேட்டோம். உருமி அடிக்கும் தம்பி ஒருவன் கையைத் தூக்கினான். வயது 17. லைசென்ஸ் கிடையாது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் காசைக் கையில் கொடுத்து, "அஞ்சு நிமிஷத்துல வந்துடணும்டா, பூஜை காத்திருக்கு" என்று சொல்லி அனுப்பினோம்.

கடை மூன்று கிலோமீட்டர் தூரம். போக வர ஆறு. ஆறு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடக்க வேண்டும் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். கடையில் நின்று சாமான் வாங்கும் நேரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தது அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில்.

திரும்பி வரும்போது கோயில் சந்து முனையில் ஒரு ஆயா சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் பால் மரம் வெட்டியவர். வெள்ளிக்கிழமை தவறாமல் செம்பில் பாலோடு அம்மனைப் பார்க்க நடந்தே வருவார். பொழுது மங்கி, விளக்கும் சரியாக எரியாத நேரம். பையன் பார்த்ததும் பிரேக் பிடித்திருக்கிறான். மோட்டார் சறுக்கி, ஹேண்டில் ஆயாவின் இடுப்பில் அடித்துத் தள்ளியது. வாரைப் பூட்டாமல் போட்டிருந்த ஹெல்மட் முதலில் பறந்துவிட்டது. ஆயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பையனுக்குக் கால் முறிந்து உள்ளே இரும்புத் தகடு. நெற்றியில் தையல். இரண்டு உயிரும் தப்பியது அம்மன் கிருபை. அதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

வராந்தாவின் ஒரு பக்கம் ஆயாவின் மகளும் பேரப்பிள்ளைகளும். மறுபக்கம் பையனின் அம்மா. இரண்டுமே எங்கள் கோயில் குடும்பங்கள். முதலில் எந்தப் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றோம். "சின்னப் பசங்க, சொன்னா கேக்க மாட்டானுங்க" என்று யாரோ ஒருவர் ஆரம்பித்தார். எங்களில் ஒருவருக்கும் அதற்கு வாய் திறக்க முடியவில்லை. அந்தப் பையன் சொன்னதைக் கேட்டவன். நாங்கள் சொன்னதைத்தான் கேட்டான்.

அதுவரைக்கும் ரெம்பிட் என்றால் ராத்திரி நேரத்தில் பெரிய டவுனில் ரேஸ் ஓடுகிற யாரோ என்றுதான் நினைத்திருந்தோம். சனிக்கிழமை ராத்திரி பெங்காலான் பாலாக் கடற்கரைப் பக்கம் எக்ஸோஸ் சத்தம் கேட்டால் திட்டிவிட்டுத் தூங்கப் போவோம். ஆனால் வேகம் நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. ஆட்டுக்கொட்டாய் மாதிரி வாசலில் நாலு மோட்டார் நிற்கும். "டியூஷனுக்கு லேட்டு, ஓடு", "ரொட்டி சானாய் ஆறிப் போயிடும், சீக்கிரம் வா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்.

மோட்டாரைக் குறை சொல்லவில்லை. தோட்டத்து மக்களுக்கு கப்சாய்தான் கை, கால் எல்லாம். பஸ்ஸை நம்பி அலோர் காஜாவுக்கோ சுங்கை ஊடாங்குக்கோ வேலைக்குப் போக முடியாது. எங்கள் அப்பாமார்கள் பால் வாளியைக் கட்டிக்கொண்டு போனதும் அதில்தான், எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் அதில்தான். ஆனால் 2022-இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,080 பேர். ஒரு நாளைக்குச் சராசரியாக 16, 17 பேர். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காருக்கு இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டாரில் போகிறவனுக்கு அவன் உடம்புதான் கூடு.

தம்பிகளே, இந்தக் கணக்கையும் பாருங்க. 60-இல் போனால் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் போகிறீர்கள். 110-இல் போனால் 30 மீட்டர். எதிரே ஆள் வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடி ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். காய்ந்த சாலையில் 60-இல் வந்தால் ஏறக்குறைய 40 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். 110-இல் வந்தால் 100 மீட்டரை நெருங்கும். மழை பெய்திருந்தால் இன்னும் தூரம். வேகம் இரண்டு மடங்கானால் இடியின் பலம் நாலு மடங்கு. "நான் நல்லா ஓட்டுவேன் அண்ணே" என்று சொல்லலாம். இந்தக் கணக்கு யார் ஓட்டினாலும் ஒன்றுதான்.

"என் உயிர், என் இஷ்டம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். செம்பில் பாலோடு நடந்து வந்த ஆயா யாருடைய இஷ்டத்தில் விழுந்தார்? கூட்டரசு சாலை 5 லிங்கியில் இருந்து லுபோக் சீனா வழியாக நம்ம ஊருக்குள் வந்து மலாக்காவுக்குப் போகிறது. லோரியும் போகிறது, சைக்கிளில் பள்ளிப் பிள்ளையும் போகிறது, பாசார் மாலாமுக்கு நடந்து போகிற தாத்தாவும் போகிறார். வேகமாகப் போகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. கேட்காமலே அடுத்தவர் உயிரையும் எடுத்து வைக்கிறான். ஆபத்தைத் தேர்ந்தெடுத்தவன் ஒருத்தன், அடிபடுகிறவர் இன்னொருத்தர். இது தர்மமா?

சட்டமும் சும்மா இல்லை. ஆபத்தாக ஓட்டி ஒருவர் இறந்தால், 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் காப்புறுதிப் பணம் கேட்பதிலும் சிக்கல். ஆனால் சட்டம் வருவது எல்லாம் முடிந்த பிறகு. 2017-இல் ஜொகூர் பாருவில் அதிகாலை மூன்று மணிக்கு மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தது நினைவிருக்கும். காரை ஓட்டிய பெண்ணின் வழக்கு ஆறு ஆண்டு இழுத்து, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. யார் குற்றவாளி, யார் இல்லை என்று நீதிமன்றம் சொல்லும். எட்டு வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

ஆயா வீட்டுக்கு வந்த பிறகு பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, கற்பூரம் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அம்மா கோவிச்சுக்குவாளா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எங்களுக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மோட்டாருக்கு வாகன பூஜை போட்டதும் எங்கள் கோயிலில்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, "நல்லா இருப்பா" என்று விபூதி வைத்து அனுப்பினோம். லைசென்ஸ் எங்கே என்று கேட்கவில்லை. முன்னால் "முனீஸ்வரன் துணை" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். முனீஸ்வரன் ஐயா ராத்திரியில் குதிரையில் வலம் வருவது ஊரைக் காப்பாற்ற. அவர் பெயரை ஒட்டிக்கொண்டு ஊரைப் பயமுறுத்தினால் அவர் எப்படித் துணைக்கு வருவார்? காவடி எடுப்பவன் 48 நாள் விரதம் இருந்து உடம்பையும் மனசையும் அடக்குகிறான். அதைத்தான் நாம் வீரம் என்கிறோம். கையில் இருக்கிற திரோட்டலை அடக்கத் தெரியாதவனை என்னவென்று சொல்வது?

அதனால் இப்போது எங்கள் கோயிலில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

லைசென்ஸையும் ஹெல்மட்டையும் காட்டினால்தான் மோட்டாருக்குப் பூஜை. ஹெல்மட்டும் தட்டில் வைத்துப் பூஜை செய்யப்படும்.

விசேஷ நாள் சாமான் பட்டியலை முந்தின நாளே சரிபார்ப்போம். விட்டுப்போனால் பெரியவர் யாராவது காரில் போய் வருவார். பூஜை காத்திருக்கும்.

லைசென்ஸ் இல்லாத பிள்ளையை எந்த வேலைக்கும் மோட்டாரில் அனுப்ப மாட்டோம். யாரிடமும் "சீக்கிரம் வா" என்று சொல்ல மாட்டோம். "பார்த்து வா" என்றுதான் சொல்வோம்.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு இருட்டில் பளிச்சென்று தெரியும் பட்டை கொடுப்போம். வரிசைக்கு முன்னும் பின்னும் டார்ச் லைட்டோடு தொண்டூழியர்கள் நடப்பார்கள்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு அப்பா மகனுக்குப் புது மோட்டார் எடுத்துக்கொண்டு வந்தார். பையன் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. "நீங்க என்ன ஜேபிஜே ஆபீசா, கோயிலா?" என்று சத்தம் போட்டுவிட்டு வேறு கோயிலுக்கு ஓட்டிப் போய்விட்டார். அவர் தரும் அன்னதான நன்கொடையும் இந்த வருஷம் வரவில்லை. வருத்தம்தான். ஆனாலும் முடிவை மாற்றவில்லை. 16 வயதிலேயே முறையாக லைசென்ஸ் எடுக்கலாம். மோட்டாருக்கு முன்பணம் கட்ட முடிகிற வீட்டில், அதற்கும் பணம் ஒதுக்க முடியும்.

தம்பி இப்போது கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறான். உருமி அடிக்க உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆயா கைத்தடியோடு வருகிறார். வெள்ளிக்கிழமை அவரைக் காரில் கூட்டி வருவது எங்கள் முறை வேலை. இரண்டு பேரும் நேருக்கு நேர் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

அம்மா அப்பாமார்களே, இன்று ராத்திரி பிள்ளையிடம் கேளுங்க: "நான் உன்னை அவசரப்படுத்துறேனா?" வரும் பதிலைக் கோபப்படாமல் கேளுங்க. மற்றக் கோயில் தொண்டூழியர்களும் இந்த முடிவுகளை எடுத்துக்கொண்டால் சந்தோஷம். பகிருங்கள்.

எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும். ஓம் சக்தி.

இப்படிக்கு,
கோயில் தொண்டூழியர்கள், மஸ்ஜித் தானா