இளஞ்சிறாரும் எழுத்துப் பயிற்சியும்

மொழியைப் பேசுதற்குக் குழந்தை பள்ளிக்கூடம் புகவேண்டுவதில்லை. தாயின் மடியிலும் தெருவிலும் விளையாடும் இடத்தும் அதனைத் தானே கைக்கொள்ளுகின்றது. எழுத்தோ முயன்று கற்கவேண்டிய தொழில். காதிற் பட்ட ஒலியைக் கண்ணுக்குரிய வடிவாக மாற்றி, அவ்வடிவினைக் கையால் வரைந்து, வரைந்தவற்றைப் பொருளுறத் தொடுத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழவேண்டும். நாள்தோறும் எழுதிப் பழகிய நாம் இதன் அருமையை மறந்துவிடுகின்றோம். ஏழெட்டு வயதுப் பிள்ளை பென்சிலை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு வரி எழுதி முடிப்பதை அருகிலிருந்து பார்த்தவரே அதனை அறிவர்.

தமிழெழுத்து 247 என்று கேட்ட அளவிற் பெற்றோர் மலைப்பர். ஆயின் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்னும் இவ்வடிவங்களையும், கால், கொம்பு முதலிய சில குறிகளையும் அறிந்த பிள்ளைக்கு 216 உயிர்மெய்களுட் பெரும்பகுதி எளிதாகிவிடும். உகர ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துத்தோறும் வேறுபட்டு நிற்பதால் தனியே பழக்கவேண்டும். உண்மையான தொல்லை வேறிடத்தில் உள்ளது. 'கெ' என்பதில் ககரவொலி முன்னும் எகரவொலி பின்னும் கேட்கக் கையோ கொம்பை முன்னர் எழுதவேண்டியிருக்கின்றது. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் நம் பேச்சில் மயங்குகின்றன. இவற்றோடு, 'வந்தாங்க' என்று வாயாற் சொல்லும் பிள்ளை 'வந்தார்கள்' என்று எழுதவும் வேண்டும். எனவே சிறார் செய்யும் பிழைகளுட் பல, தம் காதை நம்பி எழுதுவதால் வருவன. அவற்றை மடமை என்று கடிதல் முறையன்று.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர் போலும். திண்ணைப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும் எழுத்தை உரக்கச் சொல்லியும் பழகினர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அத்தகைய சிறாருடன் தரையில் அமர்ந்து, மணலில் எழுதியே தமிழெழுத்துக் கற்றார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், இந்நாட்டுச் சிறார் மணலில் எழுதுதலைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார்; மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்து, 1797இல் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்திற் பரவியது. மணலின் சிறப்பு யாதெனின், பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிடலாம். சிவப்பு மையாற் சுழித்த தாளோ பிழையை அழியாமற் காத்துவைக்கின்றது.

பொருநைக் கரையிலுள்ள எங்கள் ஊரிற் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பக்கத்து வீட்டுச் சிறுமி மூன்றாம் வகுப்பிற் படிப்பவள். கதை சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். ஆயினும் நோட்டுப் புத்தகத்தைக் கண்டால் அவள் முகம் வாடிவிடும். "அக்கா, எனக்கு எழுத வராது" என்பது அவள் மனப்பாடமாய்ச் சொல்லும் வாக்கியம். அவள் தாயாருக்குக் கையெழுத்திட மட்டுமே தெரியும். "நீயாவது சொல்லிக் கொடும்மா, இதுவும் என்னைப்போலப் பீடித்தட்டோடு உட்கார்ந்துவிடக் கூடாது" என்று அவர் ஒரு மாலையில் என்னிடம் சொன்னார். கோடை விடுமுறை முழுவதும் நாளொன்றுக்குக் கால் மணிநேரம் அவளுடன் அமர்ந்தேன்.

முதற்கண் பென்சிலை ஒதுக்கிவைத்தோம். முற்றத்து மணலில் வட்டமும் வளைவும் சுழியும் எழுதினோம். அவள் புள்ளிக்கோலம் போடுவதில் வல்லவள். கோலத்தில் வளையும் கை எழுத்திலும் வளையும் என்று கண்டதும் அவள் அச்சம் சிறிது நீங்கியது. பின்னர் அவள் கதை சொல்ல, அவள் சொன்னபடியே யான் எழுதினேன். தன் சொற்கள் தாளில் ஏறியிருப்பதைக் கண்டு வியந்து, அவற்றையே பார்த்தெழுதினாள். சில நாளில் முதல் வரியை யானும் அடுத்த வரியை அவளுமாக எழுதினோம். திருத்துங்கால் ஒரு நாளைக்கு ஒருவகைப் பிழையையே எடுத்துக்கொண்டோம்: இன்று விட்டுப்போன புள்ளி, நாளை ரகர றகரம். எழுதியதை அவளையே உரக்கப் படிக்கச் செய்தால் பாதிப் பிழைகளை அவளே கண்டுகொண்டாள். "கரி என்று எழுதியிருக்கிறேன், அக்கா; அடுப்புக் கரியையா தின்றோம்?" என்று கூறித் தானே நகைத்தாள்.

ஆயினும் எழுத்தின்பால் அவள் உள்ளத்தைத் திருப்பியது வேறொன்று. தாயார் கடையிற் பெறும் இலையும் தூளும், திருப்பிக் கொடுக்கும் பீடிக்கட்டும் எத்தனை என்று நாள்தோறும் ஒரு சிறு நோட்டில் எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தோம். ஒரு வாரம் கடைப்புத்தகத்தில் ஒரு நாட்கணக்கு விடுபட்டிருந்தது. முன்னெல்லாம் அத்தாய் வாய் பேசாது திரும்பிவிடுவார். அன்று மகளின் நோட்டை நீட்டினார். 'செவ்வாய் 40 கடடு' என்று அதில் இருந்தது. கணக்கர் தம் குறிப்புகளைத் தேடிப் பார்த்து விடுபட்டதைச் சேர்த்துக் கூலியைக் கொடுத்தார். டகரத்தின் மேற் புள்ளியில்லாமை கணக்கைக் கெடுக்கவில்லை. வீடு திரும்பியதும் அச்சிறுமி அப்புள்ளியை மிகப் பெரிதாக இட்டாள். தன் எழுத்துக்கு உலகில் ஒரு வேலை உண்டு என்று அறிந்த பிள்ளையை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டுவதில்லை.

எங்கள் பாட்டியாரும் இப்பயிற்சியில் எம்முடன் சேர்ந்துகொண்டார். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர்ப் படித்தவராதலின், அவர் 'லை', 'னை' முதலியவற்றை யானைத் துதிக்கைபோல வளைத்தெழுதுவார். அவருடைய பழைய வேதப்புத்தகமும் அவ்வெழுத்திலேயே அச்சிடப்பெற்றது. இருவரும் ஒரே சொல்லைத் தத்தம் முறையில் எழுதி ஒப்புநோக்கினர். எழுத்தும் காலத்தோடு மாறுவது என்று உணர்ந்த சிறுமிக்கு அதன்மீதிருந்த பேரச்சம் மேலும் குறைந்தது.

இப்பயிற்சிக்குப் பொருட்செலவு ஏதுமில்லை. கடைக்குப் போகுமுன் சாமான் பட்டியல் எழுதச் செய்யலாம். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்து எழுதச் செய்யலாம். வெளியூரிலுள்ள மாமாவுக்கோ அத்தைக்கோ நான்கு வரிக் கடிதம் எழுதச் செய்யலாம். கடிதம் பெற்றவர் தொலைபேசியிற் பேசிவிடாது கடிதமாகவே விடை எழுதுதல் நன்று. பத்துமுறை எழுதுக என்னும் தண்டனையை மட்டும் வீட்டிற்குள் விடலாகாது. எழுத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளை அதனை வாழ்நாள் முழுதும் வெறுக்கும்.

நோய்த்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பரில்தான் திறந்தன. அவ்விடைவெளியை நிரப்ப 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை அரசு 2021இல் தொடங்கியபொழுது, ஊர்தோறும் தன்னார்வலர் பலர் மாலைவேளையிற் சிறார்க்குக் கற்பித்தனர். இளைய கைகளைப் பிடித்து எழுதுவிக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை என்பதற்கு அவர்களே சான்று.

மாணவ நண்பர்களே! இலக்கணம் பயில்வோராகிய நாம் புணர்ச்சி விதிகளை ஆராய்கின்றோம். செய்யுளுக்கு உரை காண்கின்றோம். நம் தெருவில் 'எனக்கு எழுத வராது' என்று சொல்லும் பிள்ளை ஒன்றேனும் இருத்தல் கூடும். வரும் விடுமுறையில் அப்பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கால் மணிநேரம் அளிப்போமாக. நாம் கற்ற தமிழுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன்களுள் இதுவும் ஒன்றாகும்.