கட்டைவிரல் நகம்

கோயிலில் செருப்பைக் கழற்றினாலே வலது கால் கட்டைவிரலை வேட்டிக்குள் மறைத்துக்கொள்வேன். நகம் மஞ்சளாகித் தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. வயதானால் அப்படித்தான் என்று 4 வருடம் ஓட்டினேன். சர்க்கரைக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் கண்ணில் பட்டுவிட்டது. "நகச்சொத்தை, பூஞ்சையால் வருவது. சர்க்கரைக்காரர் இதை விட்டுவைக்கலாமா? பக்கத்தில் புண் வந்தால் காலுக்கே ஆபத்து" என்றார்.

நகத்துண்டையும், ஈரலுக்காக ரத்தத்தையும் சோதித்தபின் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம்.

மாத்திரை தீர்ந்தும் நகம் மஞ்சளாகவே இருந்தது. பணம் வீண் என்று புலம்பினேன். "பழைய நகம் மாறாது, புதியது வளர்ந்து அதைத் தள்ளவேண்டும். ஒன்றரை வருடம்கூட ஆகலாம்" என்றார். அடியில் கோடாகத் தெரிந்த நல்ல நகத்தைக் காட்டினார். அப்படியே நடந்தது.

இப்போது குளித்ததும் விரலிடுக்கில் ஈரம் போகத் துடைக்கிறேன். பழைய ஷூவை எறிந்துவிட்டேன். நகவெட்டி எனக்குத் தனி. நீங்களும் ஒருமுறை குனிந்து காலைப் பாருங்கள்.